மாடி ஜன்னல்

மழை ஓய்ந்து, பனி இன்னும் தொடங்காத நாட்கள் அவை. மரங்கள் தம் இலைகளை அவசரமின்றி நிலத்திடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தன. வெயிலோ வாசல்வரை வந்து, உள்ளே நுழையத் தயங்கி நின்றது. அவ்வொளியில் மகள் மூன்றாம் முறையாக ஊசியில் நூல் கோக்க முயன்றாள். விடியற்காலையில் இறந்துபோன அம்மாவுக்கு அணிவிக்கவிருந்த வெள்ளை ரவிக்கையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது.

"குடுங்கக்கா," என்று வாங்கினாள், மாடியறையில் தங்கியிருந்த கடைக்குட்டி. நூல் ஒரே முயற்சியில் நுழைந்தது.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"அம்மாதான்."

 அம்மா பெற்றது மகளை மட்டுமே. முப்பத்தாறு வயதிலும் அவளுடைய பொத்தான்களை அம்மாவே தைத்துத் தந்தாள். ஆனால் பதினெட்டு வயதில் காப்பகத்தைவிட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு மாடியறையில் ஓராண்டு இடமளித்து, துணி தைக்கவும், விண்ணப்பம் எழுதவும், வீட்டுக்காரரிடம் குழையாமல் பேசவும், காய்ச்சலைத் தனியே கடக்கவும் பழக்கினாள். அவர்கள் பதினொருவர் இப்போது கூடத்தில் நின்றனர். எல்லார் அழுகையிலும் ஒரே "அம்மா".

வெளியூரிலிருந்து மகள் வந்த பேருந்து தாமதம். கடைசி மூச்சின்போது அருகிலிருந்தவள் கடைக்குட்டிதான்.

"கடைசியா என்ன சொன்னாங்க?"

"அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கோன்னாங்க."

"என்னப் பத்தி?"

கடைக்குட்டி நூலைப் பல்லால் கடித்தாள்.

அடக்கம் முடிந்து திரும்பிய மாலையில், கடைக்குட்டி பையுடன் மாடியிலிருந்து இறங்கினாள்.

"இன்னைக்கேவா?" என்றாள் மகள். "ஈரம்கூடக் காயல."

"இவளுக்கு இன்னையோட ஒரு வருஷம் முடியுது. அம்மா குறிச்ச தேதி, அக்கா," என்று குறுக்கிட்டான் எலக்ட்ரீஷியன். அந்த மாடியில் முதன்முதலாகத் தங்கியவன். "என்ன ஆனாலும் மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"உங்ககிட்டதான எல்லாம் சொல்லுவாங்க. எனக்கு ஒரு பொத்தான் தைக்கக்கூட சொல்லிக்குடுக்கல."

அவன் கடைக்குட்டியின் பையை வாங்கிக் கீழே வைத்தான்.

"எங்கள அனுப்புறப்ப, 'போ, நல்லா இரு'ன்னுதான் சொல்லுவாங்க. 'வா'ங்கிறது வாயில வராது. சொன்னா நாங்க திரும்பித் திரும்பிப் பாத்துட்டே நிப்போமாம். நீங்க ஞாயித்துக்கிழமை கெளம்புறப்ப மட்டும் கேட்டு வரைக்கும் வந்து, 'போயிட்டு வா'ம்பாங்க. நாங்க மாடி ஜன்னல்ல நின்னு கேப்போம். அன்னைக்கு ஒருத்தருக்கும் சோறு எறங்காதுக்கா. அவ்வளவு வயித்தெரிச்சல்."

 மகள் உள்ளே சென்று, அம்மாவின் பூசை அலமாரியில் விளக்கேற்றிக் கைகூப்பினாள். அந்திதோறும் அம்மா பாடும் பதிகத்தைத் தொடங்கினாள். இரண்டாம் அடி நினைவுக்கு வரவில்லை. பின்னாலிருந்து கடைக்குட்டி மெல்லிய குரலில் அதை எடுத்துக்கொடுத்தாள். மகள் திரும்பிப் பார்க்காமல், அவளோடு சேர்ந்து பாடி முடித்தாள்.

துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. கடைக்குட்டி செருப்பை மாட்டிக்கொண்டு, தலைகுனிந்தபடி வாசலைக் கடந்தாள். மகள் வெறுங்காலுடன் கேட்டு வரைக்கும் பின்னால் போனாள்.

"நல்லா இரு," என்றாள். தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை.

"போயிட்டு வா."