அமுக்கினால் மறையாத சிவப்பு

இடுப்பு கழன்றுவிடும்போல் கடுக்கிறது, உப்பு வாரும் பலகையை ஊன்றிக் குனிந்தபடியே பார்க்கிறேன், பாத்தித் தண்ணீரில் அம்மாவின் கால்கள், முழங்காலுக்குக் கீழே ஊசிமுனைச் சிவப்புகள், உப்புக் கடிதான் யம்மா, வேப்பெண்ணெய் போடு என்கிறேன், உப்பளத்தில் யார் காலில்தான் புண் இல்லை, அறுபத்தெட்டு வயதில் ஈறில் ரத்தம் கசிந்தால் அதுவும் பல் ஆடுவதுதான், அரிக்கவே இல்லையேட்டி என்றாள் அம்மா, அரிக்காத உப்புக் கடி உண்டா என்று நான் யோசிக்கவில்லை, ஈறு ரத்தம் நிற்காமல் போன பிறகுதான் டவுன் ஆஸ்பத்திரி, டாக்டரம்மா கட்டைவிரலால் அந்தச் சிவப்பை அமுக்கினார், மறையவில்லை, தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கு என்றார், ஊசியில் எடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து, ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை மாதிரி இருக்கும்மா, இந்த வயசுல அபூர்வம், ஆனா குணமாகும், இடுப்பெலும்புல ஊசி போட்டு உறுதி பண்ணுவோம், அதுவரை காத்திருக்கக் கூடாது, இன்னைக்கே மாத்திரை தொடங்கணும், அப்புறம் ஆர்சனிக் ஏத்துவோம். அப்படின்னா என்ன டாக்டர். பாஷாணம்தான்மா, அளவா ஏத்தினா மருந்து.

பாஷாணம் தின்ற அக்காவை உப்பளக் கரையில் கிடத்தியிருந்த பகல் எனக்குள் ஓடுகிறது, வாயோரம் நுரை, அதில் ஈ, அம்மாவோ, வெசந்தான ஏத்தப் போறாவ, ஏத்தட்டும்ட்டி, இத்தன வருசம் உப்புத் தண்ணி குடிச்ச கொடலு என்று சிரித்தாள், பல்லெல்லாம் சிவப்பு, நான்தான் வேண்டாம் என்றேன், வீட்ல கலந்து பேசிட்டு வாரோம் என்றேன், கலந்து பேச வீட்டில் யார் இருக்கிறார்கள், நானும் அவளும்தான், எந்த நிமிஷமும் எங்க வேணா ரத்தம் கசியலாம், போகாதீங்க என்று டாக்டரம்மா வாசல்வரை வருகிறார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பஸ் ஏறுகிறேன்.

மறுநாள், ஏட்டி, வலப்பக்கம் ஒரே இருட்டாக் கெடக்கு, விடியலையா என்கிறாள், முற்றம் முழுக்க வெயில், ஆட்டோ பிடித்துத் திரும்ப ஓடினோம், பாஷாணம் சொட்டுச் சொட்டாக இறங்கியது, மாதக்கணக்கில் இறங்கியது, சிவப்புகள் மங்கின, அம்மா பிழைத்தாள், வலக்கண்ணுக்குள் கசிந்த ரத்தம் மட்டும் அந்தக் கண்ணின் பார்வையைக் கொண்டுபோய்விட்டது, இப்போது வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள், பாத்தித் தண்ணீரில் அந்தக் கால்கள், ஒரு பொட்டுச் சிவப்பில்லாமல், உப்பு வெளிச்சம் கண்ணத் தின்னுட்டு என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், நான் மறுத்துப் பேசுவதில்லை, அவளுக்கு வலப்பக்கமாகப் போய் நின்றால் நான் நிற்பது அவளுக்குத் தெரியாது, அங்கேதான் நின்று உப்பு வாருகிறேன், அம்மாவுக்கு நான் பட்ட கடன் ஒரு கண்.