எந்தப் பக்கம் பொங்கிச்சு?

வில்லியனூரில் அந்தத் தெருவில் பொங்கலன்று யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்வதில்லை. கேள்விதான் கேட்பார்கள். "பால் பொங்கிச்சா?" என்பது முதல் கேள்வி. "பொங்கிச்சு" என்றதும் "எந்தப் பக்கம்?" என்பது இரண்டாவது. "கெழக்க" என்று பதில் வரும். கேட்டவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

இந்தப் பதில்மீது தணிகைவேலுக்குப் பல நாளாகவே ஒரு கண். பாண்டிச்சேரிக் கல்லூரியில் அவனுக்கு இயற்பியல், இரண்டாம் ஆண்டு. தெருவில் முப்பத்திரண்டு வீடு. முப்பத்திரண்டு பானையும் வருஷா வருஷம் ஒரே பக்கமாகப் பொங்குகிறதென்றால், ஒன்று பானையெல்லாம் சேர்ந்து பேசி வைத்திருக்க வேண்டும், இல்லை தெருவே கிழக்கே சாய்ந்திருக்க வேண்டும். போன ஐப்பசியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தான். மழைத்தண்ணீர் மேற்கே ஓடியது.

எண்பத்தைந்தாம் வருஷத்துத் தைப்பொங்கலில் இந்தத் திசை விவகாரம் அவன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. காரணம், அக்கா கோகிலாம்பாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு இரண்டு வருஷமாக எழுதிப் போட்டதில், சேதராப்பட்டில் ஒரு கம்பெனியிலிருந்து வேலைக்கான கடிதம் வந்திருந்தது. தை ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அதே வாரம் மடுகரையிலிருந்து ஒரு வரனும் வந்தது. நல்ல இடம், ஆனால் வேலைக்குப் போகும் பெண் வேண்டாமாம். அக்கா கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். அம்மா காசம்மாள் மாப்பிள்ளையின் போட்டோவை அரிசிப்பானையில் வைத்திருந்தாள்.

அப்பா ஆதிமூலம் பத்து நாள் யோசித்தார். பதினோராம் நாள் ஷரீப் பாய் மளிகைக்கடையில் ஆறு பேர் முன்னால் தீர்ப்பை அறிவித்தார். "பால் கெழக்க பொங்கினா வேலைக்குப் போவட்டும். வடக்க பொங்கினா மடுகரைக்குப் போவட்டும். நம்ம கையில இன்னா இருக்குது?"

பொங்கலன்று காலையில் தணிகைவேல் தெருவில் ஆராய்ச்சிக்கு இறங்கினான். முதல் ஒன்பது வீட்டிலும் கிழக்கு. பத்தாவது வீட்டில் அடுப்பின் தென்பக்கச் சாம்பல்தான் நனைந்து கிடந்தது, அங்கேயும் கிழக்கு. சின்னபொண்ணு அத்தை தன் வீட்டு வாசலில் அப்போதுதான் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் பொங்கிச்சு அத்தை?"

"கெழக்க."

"இன்னும் அடுப்பே பத்த வெக்கலியே!"

"பத்த வெச்சா எந்தப் பக்கம் பொங்கும்? கெழக்கதான். காலேஜி படிக்கிற புள்ள கேக்கற கேள்வியப் பாரு. போடா, அக்கா வேலைக்குப் போவுதா இன்னான்னு போய்ப் பாரு."

அவர்கள் வீட்டில் பஞ்சாங்கத்தின்படி பத்தரைக்குத்தான் பொங்கல். வாசலில் மூன்று கற்களை நட்டு அடுப்புத் தயாராக இருந்தது: தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று, வடகிழக்கில் ஒன்று. அவன் குனிந்து பார்த்தான். மேற்குக் கல்லுக்கடியில் ஓட்டுச்சில்லு ஒன்று செருகியிருந்தது. மேற்கு உயர்ந்தால் பானை கிழக்கே சாயும்.

"அக்கா, இது யாரு வேல?"

"எது? எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் கோகிலாம்பாள். அவள் விரல் நுனியில் ஓட்டுத்தூள் சிவப்பாக ஒட்டியிருந்தது.

தெற்குக் கல்லுக்கடியிலும் ஒரு சில்லு இருந்தது. தெற்கு உயர்ந்தால் வடக்கே சாயும். அம்மாவிடம் அவன் கேட்கவில்லை. அவள் அந்தப் பக்கமே பார்க்காமல் மஞ்சள் கொத்தைப் பானைக்குக் கட்டிக்கொண்டிருந்த விதமே போதும். ஆராய்ச்சி செய்பவன் நடுவில் கையை வைக்கக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அவன் வைக்கவில்லை.

பானையை ஏற்றியதும் அப்பா வந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இன்னாடி இது, பானை இப்டி சாஞ்சிக்கினு கீது? ஒரு அடுப்பு வெக்கத் தெரியல, ரெண்டு பொம்பளைங்க இருந்து இன்னா புண்ணியம்?"

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாயைத் திறக்க முடியாத நிலைமை. அப்பா கீழே கிடந்த இன்னொரு ஓட்டுச்சில்லை எடுத்து, தாழ்ந்திருந்த வடகிழக்குக் கல்லுக்கடியில் தட்டிச் செருகினார். மூன்று கல், மூன்று சில்லு. பானை, கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்த்ததுபோல் நிமிர்ந்தது.

பால் நுரை கட்டியது. விளிம்புக்கு ஏறியது. கோகிலாம்பாள் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தணிகைவேல் தாம்பாளத்தைத் தட்ட, "பொங்கலோ பொங்கல்!" என்று நால்வரும் கத்தி முடிப்பதற்குள் பால் நான்கு பக்கமும் ஒரே சமயத்தில் வழிந்து அடுப்பை அணைத்தது.

புகை அடங்கியது.

"நாலு பக்கமும் பொங்கினா இன்னா அர்த்தம்?" என்றார் அப்பா. அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். அதில் அதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி. ஷரீப் பாய், காலைத் தரையில் ஊன்றி, பத்து வருஷமாகக் கேட்பதுபோலவே கேட்டார்.

"ஆதிமூலண்ணே, பால் பொங்கிச்சா?"

"பொங்கிச்சு பாய்."

"எந்தப் பக்கம்?"

"கெழக்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது உறைத்ததுபோல் அப்பா வாயை மூடிக்கொண்டார். அம்மா அகப்பையை நழுவவிட்டாள்.

"அப்டிப் போடு!" என்றார் பாய். "பாப்பா, சேதராப்பட்டுக்கு ஏழே காலு பஸ்ஸப் புடிச்சிடும்மா, அடுத்ததுல நிக்க எடமிருக்காது. அண்ணே, கடையில எல்லாம் இதத்தான் கேட்டுக்கினு கீறாங்க. சொல்லிட்டு வந்து சக்கரப்பொங்கல் துன்றேன்." பெடலை மிதித்துவிட்டார்.

"ஏங்க, நாலு பக்கமுந்தானே..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

"ஆறு பேருக்கு முன்னால சொன்னவன் நானு. இப்ப மாத்தி மாத்திப் பேசச் சொல்றியா?"

அக்கா ஊதுகுழலை எடுத்துக்கொண்டு அடுப்பை மறுபடி பற்றவைக்க உட்கார்ந்தாள். அத்தனை பலமாக யாரும் அடுப்பு ஊதி அவன் பார்த்ததில்லை.

தணிகைவேலுக்குத்தான் அரிப்பு அடங்கவில்லை. இது பழக்கத்தில் நழுவிய வார்த்தையா? அப்படியானால், விவரம் தெரிந்த நாளிலிருந்து கிழக்கைத் தவிர வேறு திசையைச் சொல்லியறியாத மனுஷன், வேலையை எதற்குக் கிழக்கில் வைத்தார்? அங்கே மடுகரையை வைத்திருக்கலாமே?

"அப்பா, நெஜமாவே வாய் தவறித்தான் சொன்னியா?"

ஆதிமூலம் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பானையின் வடக்குப் பக்கம் வழிந்திருந்த பாலைத் துடைத்தார். பிறகு மேற்கு. பிறகு தெற்கு. கிழக்கில் கை வைக்கவில்லை.

"சின்னபொண்ணு பாக்க வருவா," என்றார். "ஒனக்கு வேற வேல இல்ல? போய் எல எடுத்தா."