ஆமென்று போட்ட ஓட்டு

பரிமாறும் மேசையில் பீன்ஸ் சட்டிக்குப் பின்னால் நொரீன் திபடோ நிற்பதைப் பார்த்ததும், மெரில் ஹாஸ்கலின் உதவியாளன் அவரைப் பக்கத்து வரிசைக்குத் திருப்பப் பார்த்தான். அவர் திரும்பவில்லை. காகிதத் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேராக அவளிடமே வந்தார்.

தேவாலயக் கூடத்தில் அன்று, பதவியிலிருந்து ஓய்வு பெறும் அவருக்குப் பிரிவு விருந்து. எங்கள் தொகுதியிலிருந்து பதினெட்டு முறை ஜெயித்து வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போன மனிதர். தொழிற்சங்கக்காரர்களுக்கும் பள்ளி ஆசிரியைகளுக்கும் அவர் பெயரைச் சொன்னாலே குரல் தழுதழுக்கும். ஈராக் போர் வேண்டாமென்று ஓட்டுப் போட்டவர் என்று ஊரே கொண்டாடும். நொரீனுக்கு மட்டும் இன்னொரு ஓட்டு நினைவிருந்தது. பிறகொரு தேர்தல் நெருங்கிய சமயம், அதே போருக்குப் பணம் ஒதுக்கும் மசோதா வந்தபோது அவர் ஆமென்று போட்டார். அந்த மசோதாவின் வாலில் எங்கள் ஊர்க் கப்பல் பட்டறைக்கும் பணம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் மகன் லூக் போருக்குப் போனான். பெட்டியில் திரும்பி வந்தான்.

அதற்குப் பிறகு அவர் கூட்டம் எதையும் அவள் விட்டதில்லை. கடைசி வரிசையில் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருப்பாள். மைக் அவள் பக்கம் வராது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று முதலில் இரக்கப்பட்ட ஊர், நல்ல மனிதரை நச்சரிக்கிறாள் என்று பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பட்டறையில் வெல்டராக இருந்த அவள் கணவன் ரோலண்ட் சாகும்வரை ஹாஸ்கலுக்கே ஓட்டுப் போட்டான். அதைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டதே இல்லை.

“நல்லா இருக்கியா நொரீன்?” தட்டை நீட்டியபடி கேட்டார் ஹாஸ்கல்.

அவள் கரண்டியை அசைக்கவில்லை. “அன்னிக்கு ஏன் ஆமான்னு போட்டீங்க?”

பக்கத்தில் ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தோழி க்ளோடெட், “இன்னிக்காவது விட்டுத் தொலையேன்டி,” என்று கிசுகிசுத்தாள்.

“நீ சும்மா இரு. அவருக்கு வாய் இருக்கு.”

பின்னால் வரிசை தேங்கியது. ஹாஸ்கல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உனக்கு எத்தனையோ தடவ பதில் எழுதினேனே.”

“அதெல்லாம் உங்க ஆபீஸ்ல எவனோ எழுதினது. நீங்க சொல்லுங்க.”

“தோத்துடுவேன்னு பயந்தேன். பட்டறைய மூடவச்சவன்னு என்னைக் கிழிச்சிருப்பாங்க. ரோலண்ட் வேலையும் அந்தப் பணத்துலதான் நின்னுச்சு, நொரீன்.”

அவள் முகம் வெளுத்துப்போனது. “பிள்ளையக் கொடுத்துட்டு நாங்க தின்ன சோத்தையா சொல்லிக் காட்டுற?” குரல் உயரவில்லை. “பயந்தேன்னு எங்கிட்ட ஏன்யா சொல்ற? அதோ மைக் இருக்கு. அங்க போய்ச் சொல்லு.”

தானே அவருக்குப் பரிமாறிவிட க்ளோடெட் அவசரமாகக் கரண்டிக்குக் கை நீட்டினாள். அவர் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காலித் தட்டோடு நடந்துபோய் முன்மேசையில் உட்கார்ந்தார்.

சங்கத் தலைவர் பேசினார், பாதிரியார் பேசினார். ஒருநாளும் வளையாத மனிதர் என்றார்கள் இருவரும். ஒவ்வொரு கைதட்டலுக்கும் நொரீன் தாடையை இறுக்கிக்கொண்டாள். பிறகு ஹாஸ்கல் எழுந்தார். மைக்கைப் பிடித்தார்.

“நான் வளையாதவன் இல்ல. ஒரு தடவை என் பதவியக் காப்பாத்திக்க, தப்புன்னு தெரிஞ்சே ஓட்டுப் போட்டேன். அதுல இந்த ஊர்ப் பையன் ஒருத்தன்...”

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்!” என்று சத்தமாகச் சொல்லிக் கைதட்டினாள். அது பக்கத்து மேசைக்குப் பரவியது. நாற்காலிகள் பின்னே தள்ளப்பட, கூடம் முழுவதும் எழுந்து நின்று தட்டியது. மைக்கில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் கேட்கவில்லை.

நொரீன் கரண்டியைப் போட்டுவிட்டுக் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். எங்கும் முதுகுகள். அவற்றுக்கு மேலே அவர் கை மட்டும் தெரிந்தது. உட்காருங்கள், உட்காருங்கள் என்று அது காற்றை அழுத்திக்கொண்டிருந்தது. விடைபெறுகிறார் என்று நினைத்து, எல்லோரும் பதிலுக்குக் கையசைத்தார்கள்.