தாட்சாயணி கேட்ட ஜெபம்

எழுபத்தொன்பதாம் வருஷத்து மழைக்காலத்தில் திர்சாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பாடிவிட்டு வந்த பிள்ளை, மத்தியானம் சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்துக்கொண்டாள். மறுநாள் தலை வலிக்கிறது என்று அழுதாள். அதற்கு மறுநாள் காலையில் அவளைத் தூக்கி உட்கார வைக்கப் போன கிருபாவதிக்கு, பிள்ளையின் கழுத்து மடங்காமல் கட்டைபோல் நிற்பது தெரிந்தது.

கிருபாவதியின் கணவன் இன்பசேகரன் ரேணிகுண்டா ரயில்வேயில் பிட்டர். இருவருமே சித்தூர் மிஷன் சபைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை திர்சா. அந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். சேதி கேட்டு இன்பசேகரன் எண்ணெய்க் கறை படிந்த வேலை உடுப்போடு ஓடிவந்தான். பிள்ளையை டாக்ஸியில் போட்டுக்கொண்டு திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது.

அந்த வருஷம் எங்கு பார்த்தாலும் மூளைக்காய்ச்சல். குழந்தைகள் வார்டில் இடம் போதாமல் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகளாகப் படுக்க வைத்திருந்தார்கள். திர்சாவின் கட்டிலில் மறுபாதியில் கிடந்தவன் திருவேங்கடம் என்ற பையன். அவளைவிட ஒரு வயது சின்னவனாக இருப்பான். அவனும் நினைவில்லாமல்தான் கிடந்தான். அவனுடைய தாய் தாட்சாயணி கட்டிலுக்குக் கீழே முந்தானையை விரித்து உட்கார்ந்திருந்தாள். புத்தூர்ப் பக்கத்தில் வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம்.

"அக்கா, ஒரு வாய் காபி குடி. நீ வுழுந்துட்டா பாப்பாவை யாரு பாத்துக்கறது?" என்று அவள்தான் முதலில் பேச்சுக் கொடுத்தாள்.

அதன்பின் இருவரும் ஒரே டம்ளரில் குடித்தார்கள். ஒருத்தி வெளியே போனால் மற்றவள் இரண்டு பிள்ளைகளுக்கும் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். தாட்சாயணி ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்துக் கோவிந்தா, கோவிந்தா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கிருபாவதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஆண்டவரே, கண் தெரியாமல் போனாலும் சரி, நடக்க முடியாமல் போனாலும் சரி, எந்தக் கதியிலாவது இவளை என்னிடம் விட்டுவிடும் என்று கெஞ்சினாள். வேறு எதையும் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். தூங்காமல் கண் சிவந்திருந்தார். கிருபாவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டபோது, "மா சேத்துல்லோ லேதம்மா," என்றார். எங்கள் கையில் இல்லை என்று அவர் சொன்னதில் பொய் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் திர்சாவின் மூச்சு நின்றது. இன்பசேகரன் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் திருவேங்கடம் கண்ணைத் திறந்தான். தாட்சாயணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். தன் சந்தோஷத்தை மறைக்க அவள் படுகிற பாடு கிருபாவதியின் கண்ணில் பட்டது. பாவம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு நெடுநாள் அப்படி நினைக்க அவளால் முடியவில்லை.

திர்சாவைச் சித்தூருக்குக் கொண்டுபோய்ச் சபைக் கல்லறையில் இன்பசேகரனின் தகப்பனாருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். சபைப் போதகர் அசரியா ஐயர் தழுதழுத்த குரலில் ஆராதனை நடத்தினார். அவர்தான் திர்சாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். "தேவனுக்கு ஒரு திட்டம் இருக்கும்மா. இப்போ நமக்குப் புரியாது," என்று கிருபாவதியின் தலையில் கைவைத்துச் சொன்னார். வீட்டுக்கு வந்த பெண்களும் அதையே சொன்னார்கள். அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள்.

ரேணிகுண்டாவுக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலக் குடும்ப ஜெபத்துக்கு இன்பசேகரன் எப்போதும்போல் பாய் விரித்தான்.

"நீங்க பண்ணுங்க," என்றாள் கிருபாவதி.

"நீயும் வந்து கண்ணை மூடு, கிருபா."

"மூடினா அந்தக் கட்டில்தான் தெரியுது."

"எனக்கும் அதான் தெரியுது. ஆனா பண்ணாம இருந்தா நான் பைத்தியமா ஆயிடுவேன்," என்றான். அவன் முழங்காலில் நின்று ஜெபித்தான். அவள் அடுப்பின் முன்னால் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அதன்பின் அவன் அவளைக் கூப்பிடவில்லை. சபைக் கோயிலில் எல்லாரும் பாடும்போது அவளும் எழுந்து நிற்பாள். தொண்டையிலிருந்து சத்தம் மட்டும் வராது.

அவளுக்கு ஒரு நினைப்பு விடாமல் வந்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. அந்தப் பையன் இப்போது ஓடிக்கொண்டிருப்பான். மாட்டுக்குப் பின்னால் ஓடுவான், கடலைக் கொடியைப் பிடுங்குவான். ஒரே கட்டில், ஒரே காய்ச்சல், ஒரே ஊசி. அவள் கேட்டதும் தாட்சாயணி கேட்டதும் ஒன்றுதான். ஒருத்தி கேட்டது கிடைத்தது. அவனைப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்து என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் இன்பசேகரன் வேலைக்குப் போனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அரக்கோணம் பாசஞ்சரில் ஏறி, புத்தூரில் இறங்கினாள். நாராயணவனம் போகிற ரோட்டில் விசாரித்துக்கொண்டே நடந்தாள். தாட்சாயணியின் புருஷன் கோவர்த்தனன் வீடு எது என்று கேட்டால் வழி சொல்கிறவர்கள், "அந்தக் காய்ச்சல் புள்ளை வூடா?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

வீட்டை நெருங்குவதற்கு முன்பே அழுகைச் சத்தம் கேட்டது. குழந்தை அழுகிற மாதிரி இல்லை. ஏற்ற இறக்கமில்லாமல், மூச்சு தீரும்வரை ஒரே சுருதியில் கத்தி, நிறுத்தி, மறுபடியும் கத்துகிற சத்தம்.

திருவேங்கடம் சாக்கின்மேல் கிடந்தான். கையும் காலும் முறுக்கிய கயிறு மாதிரி விறைத்து உள்ளே மடங்கியிருந்தன. தலை பின்னால் வளைந்திருந்தது. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. வாயோரத்தில் எச்சில் வழிந்து கழுத்தெல்லாம் புண்ணாகியிருந்தது. தாட்சாயணி அவன் பக்கத்தில் கேழ்வரகுக் கூழோடு உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், ஆஸ்பத்திரியில் பார்த்த பெண்தானா என்று சந்தேகமாக இருந்தது.

"வா அக்கா," என்றாள். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

ஒரு கரண்டிக் கூழை ஊட்டுவாள். பாதி வெளியே வரும். மீதி தொண்டையில் சிக்கிப் பையன் நீலம் பாரிப்பான். தூக்கி முதுகில் தட்டி, மூச்சு வந்ததும் அடுத்த கரண்டி. வெயில் வாசலிலிருந்து நகர்ந்து உள்ளே வரும்வரை இதுவே நடந்தது. கிருபாவதி பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கதியிலாவது என்று தான் கேட்டதெல்லாம் இதோ கிடக்கிறது, இன்னொருத்தி மடியில்.

"துன்றது இவ்ளோதான். துன்னுட்டு உடனே கத்துவான். ராத்திரி பகல் கெடையாது. அவரு கடலைக் கொல்லையிலயே படுத்துக்கறாரு. நான் தூங்கி எவ்ளோ நாளாச்சுன்னு எனக்கே தெரில," என்றாள் தாட்சாயணி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உன்னை ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"உங்க சாமிகிட்ட சொல்லி இவனை எட்துக்கச் சொல்லேன்."

கிருபாவதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பையனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா பேசற தாட்சாயணி?"

"எங்க சாமிகிட்ட கேக்க எனக்கு வாய் வரல அக்கா. பொழைக்க வையின்னு வேண்டிக்கினு அவரு பேரைச் சொல்லி அழுதவ நான். இவனுக்கு வெச்சதும் அவரு பேருதான். இப்ப நானே போயி, வேணாம், நீயே வெச்சுக்கோன்னு எப்டிச் சொல்றது? நீ கேட்டா பாவம் இல்ல. நீ இவனைப் பெக்கல."

கிருபாவதி கண்ணை மூடினாள். கேட்கிறேன் என்று சொல்ல நா எழவில்லை. கேட்க மாட்டேன் என்று சொல்லவும் அந்த முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. திர்சா போனதிலிருந்து அவள் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுபடி பேசத் தொடங்கினால் முதல் வார்த்தை இதுவாகவா இருக்க வேண்டும்? உள்ளே ஒன்றும் வரவில்லை. பையன் மறுபடி கத்தத் தொடங்கினான்.

"அவனை இங்க குடு," என்றாள். "நீ உள்ள போய்ப் படு."

"நீ பண்ணுவியா, அக்கா?"

"போய்ப் படு, தாட்சாயணி. நான் வெச்சுக்கினு இருக்கேன்."

தாட்சாயணி சுவரோரமாகச் சாய்ந்தாள். அடுத்த கணமே தூங்கிப்போனாள். கிருபாவதி பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தாள். திர்சாவைவிடக் கனமாக இருந்தான். விறைத்த கால் அவள் விலாவில் குத்தியது. தாலாட்டிப் பார்த்தாள், தட்டிக் கொடுத்தாள், எதற்கும் அவன் அடங்கவில்லை. அவளுக்கும் அழுகை வந்தது. இருவருமாக அழுதுகொண்டே நடந்தார்கள். வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டு சுந்தரம்மா, ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

தாட்சாயணி எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. திரும்புகிற ரயில் போய்விட்டது. கிருபாவதி பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தாள். இன்பசேகரன் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக அலைந்து களைத்துப்போயிருந்தான். எங்கே போனாய் என்று அவன் சத்தம் போட்டபோது அவள் எல்லாவற்றையும் சொன்னாள், பொறாமையையும் சேர்த்து. அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "நானும் அந்தப் பையனை நெனச்சிருக்கேன்," என்றான்.

அடுத்த வாரம் அவள் மறுபடி போனாள். அதன்பின் வாரந்தோறும் போனாள். விடுமுறை நாளில் இன்பசேகரனும் வந்தான். பையன் சாயாமல் உட்கார்ந்து சாப்பிட வசதியாக, பக்கப் பலகையும் வாரும் வைத்து ஒரு மர நாற்காலி செய்து கொண்டுவந்தான். அதில் வைத்து ஊட்டினால் புரையேறுவது கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான். பையன் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, கத்துவதையும் நிறுத்தவில்லை. கடலை பிடுங்குகிற காலத்தில் அவனை ரேணிகுண்டாவுக்கே தூக்கிவந்து வைத்துக்கொண்டார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் சிலர் முகம் சுளித்தார்கள்.

இது சித்தூர் வரைக்கும் எட்டியது. அசரியா ஐயர் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, "பாத்தியாம்மா, கர்த்தர் உனக்குன்னு ஒரு ஊழியத்தை வெச்சிருந்தார்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கிருபாவதி பையனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இதுக்காகவா ஐயா திர்சாவை எடுத்தார்? அப்படின்னா இந்த ஊழியம் எனக்கு வேணாம். நான் இவன் அம்மா தூங்கறதுக்காகப் போறேன். அவ்வளவுதான்."

"நான் தப்பாச் சொல்லிட்டேன்மா," என்றார் ஐயர். பிறகு கையை நீட்டிப் பையனை வாங்கினார். அவன் அவருடைய வெள்ளை அங்கியில் கூழைக் கக்கினான். ஐயர் அதைத் துடைக்காமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

எண்பத்தொன்றாம் வருஷத்து மழையில் திருவேங்கடத்துக்குச் சளி கட்டி, அது நெஞ்சில் இறங்கியது. கோவர்த்தனன் ஆள் அனுப்பி, கிருபாவதி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முறுக்கிக்கொண்டிருந்த கைகால்கள் தளர்ந்து, அந்தக் காய்ச்சலுக்குப் பின் முதல் தடவையாக அவன் நேராகப் படுத்திருந்தான். வீடு அத்தனை அமைதியாக இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

தாட்சாயணி அவளைக் கண்டதும் எழுந்து வந்து, இரண்டு தோளையும் இறுகப் பிடித்தாள்.

"நீ பண்ணிட்டியா அக்கா? நான் அன்னிக்குக் கேட்டேனே, அதைப் பண்ணிட்டியா?"

"இல்ல. நான் பண்ணல."

"நெசமாச் சொல்லு."

"நெசமாத்தான். ஒருநாள்கூடப் பண்ணல."

தாட்சாயணி அவள் காலடியில் சரிந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கேட்டது நான்தானே, நான்தானே கேட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கிருபாவதி தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தனக்குச் சொல்லப்பட்ட ஆறுதல்கள் எல்லாம் நினைவில் இருந்தன. அவற்றில் ஒன்றையும் எடுத்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருஷ மழையிலும் காய்ச்சல் வந்தது. கிருபாவதி வாரத்தில் இரண்டு நாள் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினாள். குழந்தைகள் வார்டில் அவளைத் தடுக்க யாருக்கும் நேரமில்லை. தண்ணீர் பிடித்துக் கொடுப்பாள், ஈரத்துணி மாற்றுவாள். கோயிலில் அவளால் இன்னும் பாட முடியவில்லை. இன்பசேகரன் ஜெபிக்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

ஒருநாள் சத்தியவேட்டிலிருந்து வந்திருந்த மணியம்மா என்ற சின்னப் பெண், தன் பிள்ளையின் தலையைப் பிடித்தபடி அவளிடம் கேட்டாள்.

"பொழச்சுக்குமா, அம்மா? நீங்க இங்கயே கீறீங்களே, உங்களுக்குத் தெரியுமே. பொழச்சுக்குமா?"

"தெரியலம்மா," என்றாள் கிருபாவதி. "எனக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தப் பெண் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிருபாவதி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கொதிக்கிற அந்தச் சின்னக் கையைத் தன் கைக்குள் வாங்கி வைத்துக்கொண்டாள்.