சேற்றில் விழும் உரிமை

"இந்த வருஷம் ஊரே சேர்ந்து என்னைத் தூக்கிச் சேத்துல போடும், பாத்துட்டே இரு," என்றார் ஓட்வார்.

நூற்றிருபது கிலோ நார்வேக்காரர். கப்பலோட்டி ஓய்வு பெற்று, தாய்லாந்தின் இந்த நெல்வயல் கிராமத்தில் குடியேறிப் பத்து வருஷம். கேட்டுக்கொண்டிருந்த பிரெபெனும் அப்படி ஓய்வுக்கு வந்து தங்கிவிட்ட டென்மார்க்காரர்தான். பீரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "செத்தாலும் நீ இங்க விருந்தாளிதான். நாற்காலி போடுவாங்க. சேறு கிடையாது."

மழை கேட்டு வானத்துக்கு வாணம் விடுகிற திருவிழா அது. வாணம் பறக்காவிட்டால் செய்தவர்களைச் சேற்றில் எறிவது வழக்கம். போன வருஷம் ஓட்வார் விட்ட வாணம் எருமை முதுகைக்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் அவரை யாரும் தொடவில்லை. கைதட்டி, பந்தலில் உட்காரவைத்து, குளிர்ந்த சோடா கொடுத்தார்கள். அந்த சோடா அவர் தொண்டையிலேயே ஒரு வருஷம் நின்றது.

இந்த முறை கிழவர் தோங்டாமின் வாணக் குழுவில் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதம் வாண மருந்துக்குக் கரி இடித்தார். அவர் இடித்த இடியில் பக்கத்து மாவட்டத்துக் கோழிகள் முட்டையிட மறந்துபோயின என்று அவரே சொல்லிக்கொண்டார். வாணத்துக்குள் மருந்தைக் கெட்டித்ததும் அவர்தான்.

திருவிழாவன்று மூங்கில் மேடையில் நிறுத்திய வாணத்துக்குத் தீ வைத்தார்கள். அது புஸ்ஸென்று புகைந்து, சாய்ந்து படுத்துக்கொண்டது. ஊருக்குக் கொண்டாட்டம். தோங்டாமையும் குழுவில் மற்ற இருவரையும் சேற்றில் போட்டார்கள். ஓட்வாருக்கு மட்டும் ஒரு பெண் பணிவாக நாற்காலி கொண்டுவந்தாள். பந்தலில் பிரெபென் சிரித்தார்.

ஓட்வார் உட்காரவில்லை. சேற்றில் கிடந்த கிழவரிடம் போய் நின்றார்.

"மருந்து காயறதுக்குள்ள கெட்டிச்சுட்டேன். தப்பு என்னுது."

தோங்டாம் முகத்துச் சேற்றை வழித்துப் போட்டார். பத்து வருஷமாக 'வாங்க ஐயா' என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர்.

"அட தடிப்பயலே, ரெண்டு மாச உழைப்பைப் புகையாக்கிட்டு அங்க என்னடா நிக்கிறே? பிடிங்கடா இவனை."

பிடித்தார்கள். நாற்பது பேர் என்பார் ஓட்வார். பதினொரு பேர் இருந்திருக்கலாம். வாணத்தைவிட அவர்தான் உயரப் பறந்தார். விழுந்த வேகத்தில் பந்தலின் முதல் வரிசை வரைக்கும் சேறு தெறித்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை களிமண்ணாய் எழுந்து, கிழவரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, வென்ற ராஜாவைப்போல நின்றார். ஊர் அவர் பேரைச் சொல்லித் திட்டிச் சிரித்தது.

பிரெபென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"சரி, போட்டுட்டாங்க," என்றார். "என் கண்ணால பாத்தேன்."