எதிர்பாராத செலவு

அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். ஒரு லாரி கம்பெனியில் முப்பது வருடம் கணக்கு அதிகாரியாக இருந்தவர். யார் செலவுச் சீட்டை நீட்டினாலும் கொஞ்சமாவது வெட்டாமல் கையெழுத்துப் போட்டதில்லை. ஓய்வு பெற்ற அன்று நடந்த விருந்துக்கு எவ்வளவு ஆனது என்பதை மட்டும் யாரும் அவர் காதில் போடவில்லை.

மனைவி அவருக்கு ஒரு வருடம் முன்பே ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். இருவருக்கும் வந்த பணத்தை ஒன்றாகக் கொட்டி, கத்தரி பங்கு பிரித்தார். வைத்தியத்துக்கு, வீடு ரிப்பேருக்கு, மகளுக்கு, ஊர் சுற்றிப் பார்க்க, எதிர்பாராத செலவுக்கு. எல்லாவற்றையும் வங்கியில் போட்டுவிட்டு, இனி நிம்மதிதான் என்றார்.

நிம்மதி வருவேனா என்றது. ஊர் சுற்றும் பணத்தைத் தொட்டால் வட்டி குறையும் என்பதால் ஊர் சுற்றவில்லை. புத்தகம் எடுத்தால் அச்சுப் பிழைதான் கண்ணில் பட்டது. தொட்டியில் தக்காளி வைத்தார். விளைந்த ஒரு தக்காளிக்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்தபின் அதையும் விட்டார். கடைசியில், பற்பசையைக் கடைசிச் சொட்டுவரை பிதுக்குவது எப்படி என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

மனைவி லேசுப்பட்டவர் அல்ல. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவையே கட்டி ஆண்டவர். அதிகப்படியாக ஒரு அங்கி கேட்க டாக்டர்களே தயங்குவார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் காலை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்த எதிர்பாராத செலவுப் பணத்தைக் குடுங்க.”

“எதுக்கு? என்ன செலவு?”

“நீங்க எதிர்பார்க்காத செலவுதான்.”

பின் தெருவில் ஒரு லாண்டரி வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. வாடகை பேசி, மிஷின்களைச் சரிபார்க்க ஆளும் பார்த்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறந்திருந்தார். பாதிப் பணம் மனைவியுடையது என்பதால் கத்தரியால் வெட்ட முடியவில்லை. வீட்டுக்கு வீடு வாஷிங் மிஷின் இருக்கும் காலத்தில் யார் வருவார்கள் என்று வாதாடிப் பார்த்தார்.

“ஆறே மாசம். தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான்.”

“போட்டுக்கறேன். அதை அங்கேயே துவைச்சுக்கலாம்.”

கடை திறந்தது. நஷ்டத்தைக் கண்ணாரக் காண கத்தரி தினமும் போனார். எதிர்ச் சுவரில் ஒட்டிய சினிமா விளம்பரத்தைப் படிப்பதுபோல நின்று, உள்ளே போகிறவர்களை நோட்டம் விட்டார். ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

பிறகு கல்லாவில் இருந்த பெண் வேறு நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஆள் கிடைக்கிறவரை வந்து உட்காரும்படி மனைவி கூப்பிட்டார். சும்மா உட்கார முடியாது, சம்பளம் வேண்டும் என்றார் கத்தரி. அவர் கேட்டதில் பாதியை மனைவி வெட்டினார்.

கல்லாவில் அவர் நேர்மையாக இருந்தார். அதுதான் வினையாயிற்று. துணி மூட்டையோடு வந்த ஒரு இளம் தம்பதியிடம், இங்கே மாதாமாதம் கொட்டுகிற காசில் ஒரே வருடத்தில் சொந்த மிஷின் வாங்கிவிடலாம் என்று விளக்கினார். அவர்கள் உருகி உருகி நன்றி சொன்னார்கள். அப்புறம் வரவே இல்லை. இப்படியே இன்னும் சில வீடுகளுக்கு வழி காட்டினார். அதில் ஒருத்தர், எந்த மிஷின் வாங்கலாம் என்று அவரிடமே யோசனை கேட்கத் திரும்பி வந்தபோது மனைவி பக்கத்தில் நின்றிருந்தார். வந்தவர் போனதும் கத்தரி பக்கம் திரும்பினார்.

“நாளையிலேர்ந்து நீங்க உள்ள வந்துடுங்க. மடிக்கிற வேலை.”

உள் அறையில் ஒரே ஆவி. சோப்பு வாசனை. ஹோட்டல்களிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் சூடு ஆறாமல் குவிந்து கிடந்தன. முதல் நாள் அவர் மடித்து அடுக்கியதை மனைவி ஒவ்வொன்றாக உதறிப் போட்டு, ஓரத்தோடு ஓரம் சேர மறுபடி மடிக்கச் சொன்னார். முப்பது வருடமாக அவர் வேலையை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. காது சிவந்தது. மடித்தார்.

அன்று மாலை பூங்காவுக்குப் போனபோது, ஓய்வு பெற்ற சகாக்களிடம் சொல்ல அவருக்கு வெகுநாளைக்குப் பிறகு ஒரு விஷயம் இருந்தது. முதலாளியம்மா ரொம்பக் கண்டிப்பு, லேட்டாகப் போனால் சம்பளம் பிடிப்பு, நின்று டீ குடிக்க விடுவதில்லை என்று மூச்சு விடாமல் புலம்பினார். பழைய போஸ்ட் மாஸ்டர் ஏக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் நடைப்பயிற்சி, மாலையில் தியானம் என்று எல்லாம் செய்தும் அவருக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் அமையவில்லை. கிளம்பும்போது, கடையில் இன்னொரு ஆள் எடுப்பார்களா என்று மெல்ல விசாரித்தார். கேட்டுப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார் கத்தரி.

வருடக் கடைசியில் மகள் லீவுக்கு வந்தாள். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள் அறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்பா, நிஜமாச் சொல்லுங்க. இந்தப் பணம் பேங்க்லயே இருந்திருந்தா இதைவிட அதிகம் வந்திருக்குமா?”

வந்திருக்கும். எவ்வளவு அதிகம் என்பதும் சில்லறை சுத்தமாக அவருக்குத் தெரியும். இஸ்திரி மேஜையில் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிய கை மட்டும் அப்படியே நின்றது.

“இப்பவே எப்படிம்மா சொல்றது?” என்றார் கத்தரி. “இன்னும் அஞ்சாறு வருஷம் போகட்டும்.”

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி மறுபடி ஓடியது. வாய் பேசினாலும் கை வேலை பார்க்க வேண்டும் என்று அங்கிருந்து குரல் வந்தது.

மகளிடம் வாயைக் காத்த தைரியத்தில் மறுநாள் கத்தரி சம்பள உயர்வு கேட்டார். கிடைக்கவில்லை. பூங்காவில் அதைச் சொல்லி ஆற ஒரு வாரம் போதவில்லை.