அவிழ்க்க ஓர் ஆள் தேவை

‘அவிழ்’ என்ற வினைச்சொல்லுக்கு அகராதித் துணையாசிரியை எழுதிய விளக்கச் சீட்டைத் தலைமைப் பதிப்பாசிரியர் செத்த பல்லியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கினார்.

“‘கட்டியதை, முடிச்சிட்டதை, பொத்தான் மாட்டியதைத் தளர்த்தி விடுவித்தல்.’ என்னம்மா இது, சலவைக்கடை போர்டு மாதிரி?”

“எல்லாருக்கும் புரியும் சார்.”

“அதான் பிரச்சினையே!”

வேலை நிரந்தரமாக, அவள் விளக்கம் ஒன்றாவது அகராதியில் ஏறியாக வேண்டும். இதுவரை எழுதிய அத்தனையையும் மனிதர் ஊதித் தள்ளிவிட்டார். அகராதி அச்சுக்குப் போவதற்குள் மிச்சமிருந்தது இந்த ஒரு சொல்தான்.

பிழை திருத்துபவர் மெல்லச் செருமினார். “பழைய பாட்டுல மொட்டு அவிழுதுன்னு வருதே சார். பூவிலேர்ந்து துணிக்கு வந்துச்சா, துணியிலேர்ந்து பூவுக்குப் போச்சான்னு தங்கச்சி ஒரு குறிப்பும்...”

“பூவோட நிறுத்திக்கணும்யா! சட்டைன்னு வந்தா அகராதியோட மானம் போயிடும். இதைக் கேளுங்க.” தலைவர் கண்களை மூடிக்கொண்டு தன் விளக்கத்தை முழங்கினார். “‘உடல்சார் பிணைப்பொன்றினை, அப்பிணைப்பின் எதிர்த்திசையில் இயக்கி, இன்மைக்கு இட்டுச்செல்லல்.’”

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வினைச்சொல் என்றால் ஒருவர் விளக்கத்தை வாசிக்க வேண்டும், இன்னொருவர் அதன்படி மட்டுமே செய்து காட்ட வேண்டும். ‘குதி’க்கு ஒரு மேஜை போனது. ‘கடி’க்குக் காவலாளி இன்னமும் கோர்ட்டுக்கு அலைகிறார்.

“என் டையிலேயே செஞ்சு காட்டுங்க!” தலைவர் கழுத்தை நீட்டினார்.

அவள் தலைவரின் விளக்கத்தை வாசித்தாள். பிழை திருத்துபவர் டையின் வாலைப் பிடித்து, எதிர்த்திசை என்று தனக்குப் பட்ட பக்கமாக ஒரே இழுப்பு!

முடிச்சு குரல்வளையில் போய் உட்கார்ந்தது. தலைவரின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது.

“யாருக்கு எதிர்த்திசை சார்? எனக்கா, உங்களுக்கா? அதை விளக்கத்துல சொல்லலையே,” என்றார் பிழை திருத்துபவர், வாலை விடாமல்.

“அவ்... அவி...”

“அண்ணே, விடுங்கண்ணே! ஆள் போயிடுவாரு!”

“‘இன்மைக்கு இட்டுச்செல்லல்’னு போட்டிருக்கும்மா. அங்கதானே போய்க்கிட்டிருக்கோம்?”

தலைவரின் கை மேஜையில் எதையோ தேடித் துழாவியது. தண்ணீரையா? இல்லை! அவளுடைய சீட்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

அதை ஒரே மூச்சில் வாசித்தாள். ‘தளர்த்தி’ என்ற சொல் காதில் விழுந்ததும் பிழை திருத்துபவர் முடிச்சுக்குள் விரலை விட்டார். டை கழுத்தைவிட்டு இறங்கியது.

தலைவர் நாற்காலியில் சரிந்து, வாங்கு வாங்கென்று மூச்சு வாங்கினார். பேனாவை எடுத்து அவள் சீட்டில் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் அவர் தலைமைப் பதிப்பாசிரியர் அல்லவா? ஒரு திருத்தம்கூடச் செய்யாமல் விட்டால் நாற்காலிக்கு என்ன மரியாதை? ‘தளர்த்தி’க்கும் ‘விடுவித்தல்’ என்பதற்கும் நடுவே ஒரு சொல்லைச் செருகினார்.

“உடனே.”

சுத்தத் தவறு; மெல்ல அவிழ்த்தாலும் அவிழ்த்ததுதானே. வேலை நிரந்தரமான பெண் வாயைத் திறக்கவில்லை. அது அப்படியே அச்சேறியது.